கிழிந்த சிவப்பு இழை

தொடையிலிருந்து எடுத்த சதை,
ஓர் அரிசி அளவு.
படிவத்தில் பெயர்: ராதிம் ஹ்லாதீக். வயது நாற்பத்தாறு.
தொழில்: டிராம் ஓட்டுநர், பிர்னோ நகரம்.
குறை: இமையைத் தூக்க முடியவில்லை.
அதன் கீழே, மருத்துவர் எழுதத் தேவையே இல்லாத ஒரு வரி:
'மறுபடி எப்போது ஓட்டலாம் என்று கேட்கிறார்.'

நான் பொஹ்தானா. எனக்கு ஆட்களைத் தெரியாது,
வெட்டத் தெரியும்.
பிசினில் இறுகிய சதையை வைரக் கத்தி சீவச் சீவ
துண்டுகள் நீரில் மிதக்கும்.
பொன்னிறம் என்றால் தடிமன், தள்ளிவிடு.
வெள்ளி என்றால் சரி.
இன்று ஒரே மூச்சில் பதினொரு வெள்ளி.
தும்மியிருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

விளக்கை அணைத்தேன்.
பாடப்புத்தகத்துப் பச்சையும் ஆரஞ்சும்
எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கிடையாது.
சாம்பல், கரி, இன்னும் கொஞ்சம் சாம்பல்.

செல்லுக்கு ஓர் உட்கரு என்று படித்திருப்பீர்கள்.
தசைக்கு அது போதாது,
நூற்றுக்கணக்கில் வைத்துக்கொண்டு
எல்லாவற்றையும் ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறது,
நடுவே இழைகள் இழுக்க இடம் வேண்டுமே.
உட்கருவின் தோலெங்கும் துளைகள்.
அவற்றின் வழியே நகல் வெளியே வரும்,
மூலப்பத்திரம் வராது.
நகலை ரைபோசோம் எழுத்துக்கூட்டிப் படிக்கும்,
படித்த வரியே புரதமாகி நீளும்.
கோல்கியின் மடிப்புகளில் அதற்கு முகவரி ஒட்டுவார்கள்.
லைசோசோம் கழிவைத் தின்றுவிட்டு
உருப்படியானதைத் திருப்பிக் கொடுக்கும்.
ராதிமுக்கு இதெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.
தேடித் தேடிப் பார்த்தும் குற்றம் சொல்ல முடியவில்லை.

பிறகு, விளிம்பில், அவை.

மைட்டோகாண்ட்ரியா.
நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால்
வெளியே தனியே திரிந்த பாக்டீரியாக்களின் வாரிசுகள்.
ஒண்ட வந்த பிடாரி
ஊர்ப் பிடாரியை விரட்டவில்லை,
அடுப்பு மூட்டி உட்கார்ந்துகொண்டது.
கொண்டுவந்த எழுத்தில் பெரும்பகுதியை
உட்கருவிடம் ஒப்படைத்துவிட்டு
ஒரு சின்ன வளையத்தை மட்டும்
இன்னும் மடியில் முடிந்து வைத்திருக்கிறது.

கோளாறு அந்த வளையத்தில் இருக்கலாம்.
எங்கள் ஊர் டிராம் பாதையும் முனையில் வளையம்தான்,
வண்டி திரும்ப வேண்டியதில்லை, பாதையே திருப்பிவிடும்.
அதில் ஒரு துண்டுத் தண்டவாளத்தை யாராவது உருவிவிட்டால்?
மரபணுக் கூடம் அடுத்த வாரம் சொல்லும்.
நான் பார்ப்பது பின்விளைவை.

தீ குறைந்ததும் செல் என்ன செய்தது தெரியுமா?
இன்னும் அடுப்பு கட்டியது.
எரியாத அடுப்புக்குப் பக்கத்தில் எரியாத அடுப்பு.
குவிந்து, பிதுங்கி, ஓரம் பிய்ந்து,
நேற்று சாயமேற்றிய கண்ணாடித் தகட்டில்
கந்தலான சிவப்புத் துணியாக நின்றது.
'கிழிந்த சிவப்பு இழை', துறையில் அதன் பெயரே அதுதான்.
இங்கே, நாற்பதாயிரம் மடங்கில்,
உள்ளே படிகங்கள், இணைகோடுகளாக, வரிசை வரிசையாக.
இதற்கு நாங்கள் வைத்த பெயர் 'வண்டி நிறுத்துமிடம்'.
இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

இமையைத் தூக்கும் தசை சின்னது.
விழித்திருக்கும் நேரமெல்லாம் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும்.
உலை அவிந்தால் அங்கே முதலில் தெரியும்.
பத்தொன்பது ஆண்டுகள் விடிகாலை நான்குக்கு வண்டி எடுத்தவரை
'பணியில் தூங்கிவழிகிறார்' என்று
யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.
அந்தத் தாளும் கோப்பில் இருக்கிறது.

அறிக்கை எழுதினேன், எண்ணிக்கையோடு.
ஓட்டுவதைப் பற்றி எழுத அதில் கட்டமில்லை.
பதினொன்றாம் துண்டில், குவியலுக்கு நடுவே,
ஒன்று மட்டும் சரியாக இருந்தது,
மடிப்புகள் நெருக்கமாக, கரையோடு கரை ஒட்டி.
கணக்கில் வராத ஒன்று. படமெடுத்துச் சேர்த்தேன்.

கடைசி டிராம்.
முனை வளையத்தில் சக்கரம் கிறீச்சிட்டு நின்றது.
ஓட்டுகிற பெண் கண்ணாடியில் பார்த்து,
"இறங்கலையா?" என்றார்.
அதுவரை அவர் இமைகளையே
பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.